‘நீ ஆருடைய பிள்ளை?’: கனடியப் பூர்வகுடிகளின் நூல்களை நாங்கள் வாசிப்பது பற்றி

ஒவ்வொரு செப்டெம்பர் 30ஆம் திகதியும் எங்கள் பிள்ளைகள் செம்மஞ்சள் நிறச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். 2021 யூன் மாதத்துக்குப் பின் கனடியக் குடியுரிமை பெற்றவர்கள், உறுதிமொழி எடுக்கும்போது முதற்குடிகள், இனுவிட், மெற்றி ஆகிய மக்களின் உடன்படிக்கை உரிமைகளையும் வாயால் சொல்லித்தான் குடிமக்கள் ஆனார்கள். ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபை, பதினோராம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடத்தைப் பூர்வகுடி எழுத்தாளர்களின் நூல்களைக் கொண்டே கற்பிப்பது என்று 2023இல் தீர்மானித்தது. ஆகவே சட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. புத்தகமும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்க்கும் தாய் தகப்பன்மார்தான் குறைவு.

புரட்டிப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரு நூலோடு நிறுத்திவிடுகிறார்கள். வதிவிடப் பாடசாலை ஒன்றைப் பற்றிய துயரக் கதையை வாசித்து, ‘பாவம் அந்தச் சனங்கள், எங்களைப் போலத்தான்’ என்று சொல்லி மூடிவைத்துவிடுவோம். அந்த இரக்கத்தில் பிழையில்லை. ஆனால் 2021 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் பூர்வகுடியினர் 18 இலட்சம் பேர். மொத்தச் சனத்தொகையில் 5 வீதம். முதற்குடிச் சமூகங்கள் மட்டும் 600க்கு மேல் உள்ளன. பேசப்படும் மொழிகள் 70க்கு மேல். ஆர்க்டிக் கரையில் சீல் வேட்டையாடிய இனுவிட் மக்களுக்கும், சிவப்பு ஆற்றுப் பள்ளத்தாக்கில் உருவான மெற்றி மக்களுக்கும், எங்கள் ரொறன்ரோ நிலத்தின் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மிசிசாகா மக்களுக்கும் பொதுவானவை சில, வேறானவை பல. ஒரு நாவலை வாசித்துவிட்டு ‘பூர்வகுடிகளைத் தெரியும்’ என்பது, காசி ஆனந்தனின் ஒரு கவிதையை வாசித்துவிட்டு ஆசியாவைத் தெரியும் என்பது போல.

பரந்து வாசித்தால் ஒன்று கண்ணில் படும். இந்த எழுத்தாளர்கள் எந்தக் குடியைச் சேர்ந்தவர்களாயினும், ‘நான் யார்?’ என்ற கேள்வியை அப்படிக் கேட்பதில்லை. ‘நான் யாருடைய உறவு? யார் என்னைத் தங்களவர் என்கிறார்கள்?’ என்றே கேட்கிறார்கள். ரிச்சர்ட் வாகமீஸ் 2012இல் எழுதிய ‘இந்தியன் ஹோர்ஸ்’ நாவலில், கதைசொல்லி தன் பெயரைச் சொன்ன கையோடு தன் குலத்தையும் தன் மக்கள் வாழும் ஆற்றையும் சொல்லிவிடுகிறான். ஊரில் புதிதாக ஒரு பொடியனைக் கண்டால் எங்கள் கிழவிகள் பெயரையா கேட்டார்கள்? ‘நீ ஆருடைய பிள்ளை?’ என்றுதானே கேட்டார்கள்.

இந்த ஒப்புமையை நான் வலிந்து சொல்லவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைக் கண்டு திகைத்துப்போனார். லூயிஸ் ஹென்றி மோர்கன் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த சட்டத்தரணி. ஈரோக்குவாக் கூட்டமைப்பின் செனெக்கா மக்களோடு பழகி அவர்களது உறவுமுறைச் சொற்களைச் சேகரித்தவர். அவர்களிடம் தாயின் சகோதரியும் தாய்தான்; தகப்பனின் சகோதரனும் தகப்பன்தான்; அவர்களின் பிள்ளைகள் சகோதரங்கள். ஆனால் தாயின் சகோதரனும் தகப்பனின் சகோதரியும் வேறு வகை உறவு. அவர்களின் பிள்ளைகள் சகோதரங்கள் அல்ல. ஆங்கிலேயருக்கு இது தலைசுற்றும் கணக்கு. பிறகு, ஆற்காட்டில் பணியாற்றிய ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரியிடம் தமிழ் உறவுமுறைகளைக் கேட்டறிந்தபோது மோர்கன் அசந்துபோனார். பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா ஒரு பக்கம்; மாமா, மாமி, மச்சான், மச்சாள் மறுபக்கம். அதே கணக்கு. 1871இல் வெளிவந்த அவரது பெருநூலில் செனெக்காவும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்பட்டுள்ளன.

அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று மோர்கன் முடிவு கட்டினார். உறவுமுறைச் சொற்களின் ஒற்றுமையை வம்சத் தொடர்புக்குச் சான்றாக இன்று மானிடவியலாளர்கள் கொள்வதில்லை. ஒத்த முறைகள் உலகின் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கின்றன. செனெக்காக்களிடம் மச்சாளைக் கட்டும் வழக்கமும் இல்லை. ஆகவே ‘செவ்விந்தியரும் தமிழரே’ என்று வாட்சப்பில் அனுப்ப ஆயத்தமாகும் அன்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும். வாசகனுக்கு இதில் கிடைக்கும் பயன் வேறு. ஆங்கில நாவல் ஒன்றில் ‘கசின்’, ‘ஆன்ரி’ என்று வரும் இடங்களில், அந்தச் சொற்களுக்குப் பின்னால் நிற்கும் நெருக்கத்தை ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைவிடத் தமிழர் விரைவாகப் பிடித்துக்கொள்வார். ஒஜிப்வே மொழியில் ‘நீனிமோஷென்’ என்று ஒரு சொல் உண்டு. ஆணுக்கு மச்சாள், பெண்ணுக்கு மச்சான் என்ற உறவுதான் அதன் பொருள். காதலியையும் காதலனையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். இதற்கு எங்களுக்கு விளக்கவுரை வேண்டுமா?

இதை மனதில் வைத்துக்கொண்டு வதிவிடப் பாடசாலை நூல்களுக்குப் போனால் அவை வேறு மாதிரித் தெரியும். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள். கடைசிப் பள்ளிகள் 1990களில்தான் மூடப்பட்டன. மொழி பறிக்கப்பட்டது, அடி விழுந்தது, பாலியல் கொடுமை நடந்தது என்பவற்றை உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விரிவாகப் பதிவு செய்துவிட்டது. உறவுமுறை குலைந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். அண்ணனும் தங்கையும் ஒரே வளவுக்குள் இருந்தும் கதைக்க முடியாது. சின்னம்மாவின் பிள்ளையையும் சகோதரமாக எண்ணும் சமூகத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று சகோதரங்கள் மட்டுமா இருக்கும்? அத்தனை பேரையும் ஒரே நாளில் அது இழந்தது. தாயாகவும் தகப்பனாகவும் நடந்துகொள்வதை வீட்டில் பார்த்துப் பழகாத தலைமுறை பிறகு தானே தாய் தகப்பன் ஆனது. இன்று அந்தச் சமூகங்களில் காணப்படும் பல சிக்கல்களின் வேர் இங்கே இருக்கிறது என்று எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஆனாலும் இந்த நூல்களெல்லாம் அழுகை என்று நினைக்க வேண்டாம். அனிஷினாபே எழுத்தாளர் பசில் ஜோன்ஸ்ரன், ஒன்ராறியோவின் ஸ்பானிஷ் என்ற ஊரில் யேசுசபையினர் நடத்திய பள்ளியில் தான் கழித்த காலத்தைப் பற்றி 1988இல் எழுதிய ‘இந்தியன் ஸ்கூல் டேய்ஸ்’ நிறைய இடங்களில் சிரிக்க வைக்கும். பசியில் வாடிய பொடியங்கள் பாதிரிமாரை ஏமாற்றிச் செய்த குறும்புகள் அதில் நிறைந்திருக்கின்றன. அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அவர் உரக்கச் சொல்வதில்லை. என் கணிப்பில் முதல் நூலாக எடுக்க வேண்டியது இதுதான்.

அடுத்தது சட்டம். இதை விளங்கிக்கொள்ளாமல் பூர்வகுடி இலக்கியத்தில் பாதி பிடிபடாது. 1876ஆம் ஆண்டின் ‘இந்தியர் சட்டம்’ இன்றும் நடைமுறையில் உள்ளது. யார் ‘இந்தியர்’ என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது குடும்பத்திடமிருந்தும் குலத்திடமிருந்தும் எடுத்து ஒட்டாவாவிடம் கொடுத்தது. பல குடிகளில் வம்சம் தாய்வழி வந்தது. சட்டமோ தகப்பன்வழிதான் பார்த்தது. முதற்குடிப் பெண் ஒருத்தி வெளியாளை மணந்தால் அவளது பதிவுரிமை போய்விடும், பிள்ளைகளுக்கும் கிடைக்காது. பிறந்த ஊரின் ஒதுக்கு நிலத்தில் வாழும் உரிமையும், செத்தால் அங்கே தன் சனத்தோடு புதைக்கப்படும் உரிமையும்கூட இல்லை. முதற்குடி ஆண் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தாலோ, அவள் சட்டப்படி ‘இந்தியப் பெண்’ ஆகிவிடுவாள்!

மனிற்றூலின் தீவின் விக்வெம்கூங் சமூகத்தைச் சேர்ந்த ஜனெற் கோபியர் லவெல் 1970இல் இப்படித்தான் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வழக்குப் போட்டார். 1973இல் உயர் நீதிமன்றம் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த சன்ட்ரா லவ்லேஸ் ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனார். 1981இல் குழு கனடாவைக் குற்றம் கண்டது. 1985இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு வேறொரு கணக்கு வந்து சேர்ந்தது. முழுப் பதிவுரிமை உள்ள ஒருவர் பதிவில்லாத ஒருவரோடு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கு ஒரு படி குறைந்த பதிவு. அந்தப் பிள்ளையும் வளர்ந்து வெளியாளைக் கட்டினால் பேரப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதை ‘இரண்டாம் தலைமுறை வெட்டு’ என்பார்கள்.

ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகன் இத்தாலியப் பெண்ணை மணக்கிறான். பேத்தி யமேக்கா நாட்டவரை மணக்கிறாள். பூட்டப்பிள்ளை பிறந்ததும், ‘இது உங்கள் பிள்ளை அல்ல’ என்று ஒட்டாவாவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அம்மம்மாவின் மடியில் இருந்து அவளது மொழியில் கதைத்து வளர்ந்தாலும் பயனில்லை. சட்டம் வளர்ப்பைப் பார்ப்பதில்லை. பொப் ஜோசப் 2018இல் எழுதிய, இந்தியர் சட்டத்தைப் பற்றி எமக்குத் தெரியாதிருக்கக்கூடிய 21 விடயங்களைச் சொல்லும் சிறு நூல் இவற்றை எளிய ஆங்கிலத்தில் விளக்குகிறது. ஒரு வார இறுதியில் வாசித்துவிடலாம்.

மெற்றி மக்களுக்கு இந்தப் பட்டியலிலும் இடம் இருக்கவில்லை. 1885இல் லூயி ரியலின் தலைமையிலான எழுச்சி ஒடுக்கப்பட்ட பின், நிலமிழந்த பலர் தெருவோரங்களில் அரசு ஒதுக்கியிருந்த ஒடுங்கிய நிலத்துண்டுகளில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். மரியா கம்பெல் 1973இல் எழுதிய ‘ஹாஃப்பிறீட்’ அந்தத் தெருவோரப் பிள்ளையின் தன்வரலாறு. அதில் மறக்க முடியாத ஆள், ‘சீச்சம்’ என்று அவர் அழைக்கும் பூட்டி. அரச உதவிப்பணத்தையும் பாதிரியாரையும் கிட்ட அண்டவிடாத மனுசி. இந்த நூலுக்கே ஒரு கதை உண்டு. 14 வயதில் தான் காவல்துறையினரால் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டதை அவர் எழுதியிருந்தார். அந்தப் பகுதியை அவரது சம்மதமின்றிப் பதிப்பகம் வெட்டிவிட்டது. 2018இல் ஆய்வாளர்கள் இருவர் ஹமில்ரனின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் அந்தப் பக்கங்களைக் கண்டெடுத்தார்கள். 2019இல் முழு நூல் வெளிவந்தது. நூலகத்தில் எடுக்கும்போது 2019ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்டு எடுங்கள்.

இனி எங்களுக்கு மிகவும் கிட்டிய ஒரு விடயம்: பெயர். இங்கு வந்த புதிதில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் முழித்தவர்கள் நாங்கள். தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகி, ஒரே வீட்டில் மூன்று ‘குடும்பப் பெயர்கள்’ வந்து, விமான நிலையத்தில் ‘இவர் உங்கள் கணவர்தானா’ என்ற கேள்வி வரை போனது. இனுவிட் மக்களிடமும் குடும்பப் பெயர் என்ற ஒன்று இருக்கவில்லை. பெயரை எழுதத் தெரியாத அதிகாரிகள் 1941 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்கள். கிழக்கத்தியருக்கு ஈ, மேற்கத்தியருக்கு டபிள்யூ என்ற எழுத்தோடு தொடங்கும் அந்த இலக்கம் பொறித்த சிறு வட்டத் தகட்டை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். 1968இலிருந்து 1971 வரை ஏப் ஒக்பிக் என்ற இனுவிட் மனிதர் குடியிருப்புக் குடியிருப்பாகப் போய், இலக்கத்துக்குப் பதில் குடும்பப் பெயர் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லிப் பதிந்தார். பாடகி லூசி இட்லவுற் தன் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு ‘ஈ5-770, என் தாயின் பெயர்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்.

இலக்கத்தால் அழிந்தது வெறும் அடையாளச் சொல் அல்ல என்பதை விளங்க, இனுவிட் பெயரிடும் முறையை அறிய வேண்டும். இறந்துபோன உறவினரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு அவரது உறவும் சேர்ந்து வரும். தன் தகப்பனின் பெயரை மகனுக்கு வைத்த தாய், அந்தச் சின்னப் பொடியனை ‘அப்பா’ என்றே அழைப்பாள். எங்களுக்கும் ‘பேரன்’ என்றால் பெயரைத் தாங்குபவன். யாழ்ப்பாணத்தில் அதே சொல் தாத்தாவையும் குறிக்கும். மித்தியார்யுக் நப்பாலுக் என்ற நுனாவிக் பெண்மணி எழுதிய ‘சனாக்’ நாவலை வாசித்தால் இந்த உலகம் உள்ளிருந்து தெரியும். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். 1950களில், மொழி கற்க விரும்பிய பாதிரியார் சில வசனங்களை எழுதித் தரும்படி கேட்க, அவர் சனாக் என்ற விதவைப் பெண்ணையும் அவளது மகளையும் பற்றிக் கதை எழுதத் தொடங்கிவிட்டார். இனுக்ரிற்றுற் அசையெழுத்தில் 1984இலும், ஆங்கிலத்தில் 2014இலும் வெளிவந்தது. வேட்டை, தோல் தைத்தல், பிள்ளை வளர்த்தல் என்று போகும். வெள்ளைக்காரர் கதையின் நடுவில்தான் வந்து சேருகிறார்கள்.

பள்ளிகள் மெல்ல மூடப்பட்டபோது பிள்ளை பிடிப்பு வேறு வழியில் தொடர்ந்தது. 1950களிலிருந்து 80கள் வரை, மாகாணச் சிறுவர் நல அதிகாரிகள் ஏறத்தாழ 20,000 பிள்ளைகளை வெளியார் வீடுகளில் வளர்க்கவும் தத்துக் கொடுக்கவும் கொண்டுபோனார்கள். சிலர் கடல் கடந்தும் அனுப்பப்பட்டார்கள். வாகமீஸே அப்படிப் போன பிள்ளை. தன் குடும்பத்தை மீண்டும் கண்டபோது அவர் இளைஞராகிவிட்டார். மனிற்றோபாவைச் சேர்ந்த பியற்றிஸ் மொசியோனியே 1983இல் எழுதிய ‘இன் சேர்ச் ஒஃப் ஏப்ரல் றெயின்ரீ’ நாவலில், பிரித்து வளர்க்கப்படும் இரு மெற்றிச் சகோதரிகளில் ஒருத்தி வெள்ளைக்காரியாகவே வாழ்ந்துவிட முயல்கிறாள். மற்றவள் தன் மக்களைத் தேடிப் போகிறாள். இது பழைய கதையும் அல்ல. 2021இல் கனடாவின் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 வீதம், வளர்ப்பு வீடுகளில் இருந்த பிள்ளைகளிலோ 53.8 வீதம்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அண்மைய சர்ச்சை ஒன்று ஏன் இவ்வளவு சுடுகிறது என்று புரியும். 2016இல் நாவலாசிரியர் ஜோசப் பொய்டனின் பூர்வகுடி மரபு கேள்விக்குள்ளானது. 2023இல் சிபிசி, புகழ்பெற்ற பாடகி பஃபி செயின்ற்-மரியின் பிறப்புச் சான்றிதழ் அவர் மசச்சூசெற்ஸில் பிறந்ததாகக் காட்டுகிறது என்று வெளியிட்டது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2025 நவம்பரில் தோமஸ் கிங், தனக்கு செரோக்கி மரபு எதுவும் இல்லை என்று வம்சாவளி ஆய்வில் தெரியவந்ததாக அவரே எழுதினார். குடும்பத்தில் சொல்லப்பட்ட கதையை நம்பியிருந்ததாகச் சொன்னார். அவரது ‘தி இன்கன்வீனியன்ற் இந்தியன்’ பலருக்கும் முதல் நூலாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்தது. ஒற்றை நூலில் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பொய்யாக உரிமை கோருபவரும், பிள்ளையாகப் பறிக்கப்பட்டதால் தன் ஊரைச் சொல்லத் தெரியாதவரும் வெளியாருக்கு ஒன்றுபோலத் தெரியலாம். இருவரிடமும் அட்டை இல்லை. இருவரிடமும் ஒரு கதைதான் உண்டு. மரபணுச் சோதனை உதவுமா என்றால், டக்கோட்டா அறிஞர் கிம் ரோல்பெயர் 2013இல் எழுதிய ‘நேற்றிவ் அமெரிக்கன் டிஎன்ஏ’ நூல் ஏன் உதவாது என்பதை விளக்குகிறது. எச்சில் தடவிய குச்சி ஒருவரின் தொலைதூர மூதாதையரைப் பற்றி ஏதோ சொல்லலாம். அவர் எந்தக் குடியின் உறவு என்பதைச் சொல்லாது. 2003இல் பவ்லி வழக்கில் உயர் நீதிமன்றம், ஒருவர் மெற்றி என்பதற்கு மூன்றைக் கேட்டது: தன்னை அப்படி அடையாளம் காண்பது, மூதாதையர் தொடர்பு, சமூகம் ஏற்றுக்கொள்வது. மூன்றாவதுதான் பொய்யரைக் காட்டிக்கொடுக்கும் இடம். செயின்ற்-மரியின் விடயம் அங்கும் சிக்கலாகிறது. அவரை இளம் வயதில் கிறீ வழக்கப்படி மகளாக ஏற்ற பயபொட் குடும்பத்தார், அவர் எங்கள் உறவே என்றார்கள். உறவாக ஏற்பதும் குடியின் பெயரால் பரிசுகளும் வாய்ப்புகளும் பெறுவதும் ஒன்றா என்று மற்றப் பூர்வகுடியினர் கேட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதே என் எண்ணமும். கத்தறீனா வெர்மெற் 2024இல் வெளியிட்ட ‘றியல் வண்ஸ்’ நாவல் இந்தப் புண்ணைத்தான் தொடுகிறது. அதில் இரண்டு மெற்றிச் சகோதரிகள். பொய்யுரிமை கோரியதாக அம்பலமாவது அவர்களின் வெள்ளைக்காரத் தாய்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன ‘எங்களைப் போலத்தான்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. நிலமிழந்து வந்தவர்கள் நாங்கள், அது உண்மை. 1805இல் உறுதிசெய்யப்பட்ட ரொறன்ரோ நிலக் கொள்வனவுக்கு நியாயமான விலை தரப்படவில்லை என்ற வழக்கு, 2010இல் மிசிசாகா மக்களுக்கு 14.5 கோடி டொலர் கொடுத்துத்தான் முடிவுக்கு வந்தது. நாங்கள் வீடு வாங்கிய நிலத்தின் கதை அது, அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாசிப்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

ஆங்கில நாவல் வாசிக்கப் பொறுமையில்லாத அம்மம்மாமாருக்கும் ஒரு நூல் உண்டு. கிறீ எழுத்தாளர் டேவிட் றொபேட்சன் எழுதி, ஜூலி பிளெற் படம் வரைந்த ‘வென் வீ வேர் அலோன்’, 2016இல் வந்த சிறுவர் படநூல். தோட்டத்தில் நிற்கும் பேத்தி கேட்டுக்கொண்டே போகிறாள்: ஏன் இவ்வளவு நிறமான உடுப்பு? ஏன் இவ்வளவு நீளமான தலைமயிர்? ஏன் கிறீ மொழியில் கதைக்கிறாய்? ஏன் எப்போதும் உன் தம்பியோடேயே இருக்கிறாய்? பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். கடைசிக் கேள்விக்கு அந்தப் பாட்டி சொல்லும் பதிலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது, தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.